ஆட்டின் காதில் சொன்னது

போன வருடம் தை மாதம், பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எரியோட்டுக்குப் பக்கத்து மலையில், எங்கள் குலசாமி கருப்பு குடியிருக்கும் புல்வெளியில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் கால் உடைந்த கதையைச் சொல்ல வேண்டும். விபத்து என்றதும் லாரி, பைபாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டுக்கல்லில் என் வீட்டுக் குளியலறையில், நானே கிழித்துப் போட்ட ஷாம்பு பாக்கெட்டில் நானே கால் வைத்து விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, பிளேட் வைத்து, மாதக்கணக்கில் படுக்கை. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் "வண்டியில விழுந்துட்டான்" என்றுதான் அம்மா சொன்னார். குளியலறை என்று சொன்னால் குடும்பத்துக்கு மரியாதை இல்லையாம்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நினைவில்லாமல் கிடந்தபோது, வெளியே அம்மா கருப்பிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார். அதுவும் லேசுப்பட்ட நேர்த்தி இல்லை. "எம் மகன் சொந்தக் காலால நடந்து மலையேறி வந்து, அவன் கையாலயே கிடாயைப் பிடிச்சுக் கொண்டாந்து உனக்குக் குடுப்பான்" என்று வேண்டியிருக்கிறார். என்னையும் கேட்கவில்லை, கிடாயையும் கேட்கவில்லை.

ஏற்பாடு முழுக்க மாமா, அதாவது அம்மாவின் தம்பி. பாதை எப்படி இருக்கும் என்று அவரிடம் விசாரித்தேன்.

"ரெண்டு மணி நேர நடை மாப்ளே. காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிட்டு வார மாதிரிதான். காலையில ஏறுனா மத்தியானம் சாப்டுட்டு இறங்கிறலாம். பச்சப் புள்ளைகளே ஓடும்."

மாமா மார்க்கெட்டுக்கே ஸ்கூட்டரில் போகிறவர் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

விடியற்காலை அடிவாரத்தில் இறங்கினோம். சொந்தக்காரர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அண்டா, கரண்டி, சீரகச் சம்பா அரிசி, அரைத்த மசாலா, ஒரு மூட்டை சின்ன வெங்காயம் என்று ஆளுக்கொன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். என் பங்குக்குக் கிடா. அய்யலூர் சந்தையில் மாமா பிடித்து வந்தது. கன்னங்கரேல் என்று இருந்தது, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. அம்மா கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"கோயில் போற வரைக்கும் விட்றாதய்யா. விட்டா நேர்த்தி பாழாப் போகும்."

பயந்துபோய் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டது. கிடா முன்னால் போகும். கயிறு விறைக்கும். நான் பின்னால் போவேன். பிசியோதெரபி செய்தவர் மாதக்கணக்கில் கெஞ்சியும் நான் நடக்காத வேகத்தில் அது என்னை நடக்க வைத்தது. பொங்கல் வைக்க நேரமாகிறது என்று மாமா சத்தம் போட்டதால், அம்மா என் மனைவியை எனக்குத் துணைக்கு விட்டுவிட்டு முன்னால் போனார். மனைவியும் செத்த நேரம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"ஏங்க, நீங்க ஆட்டோடயே வாங்க. அது உங்களை நல்லாத்தான் பாத்துக்கிருது" என்று சொல்லிவிட்டு அவளும் போய்விட்டாள்.

பிறகு நானும் கிடாவும் மட்டும்தான். கால் வலித்து ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அதுவும் நின்றது. பையில் இருந்த பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தேன். மீதிப் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. அப்புறம் தன் கழுத்து மாலையைத் தின்றது. நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் என் காலில் சுற்றியிருந்த பேண்டேஜ் துணியின் நுனியையும் மெல்ல ஆரம்பித்துவிட்டது. அதைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காடு முடியப்போகிற இடத்தில் பாதை ஒரு சரிவின் ஓரமாக வளைகிறது. சருகுக்கு அடியில் சரளைக்கல் இருந்ததை நான் பார்க்கவில்லை. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல கால்தான் வழுக்கியது. அதன் பின்னாலேயே நானும் போனேன். கீழே ஆள் உயரத்துக்குப் பாறைகள். "அம்மா" என்று கத்தக்கூட வாய் வரவில்லை.

ஆட்டை ஒரு பக்கம் இழுத்தால் அது மறுபக்கம்தான் போகும், அது பிறவிக் குணம். நான் கீழே இழுக்க, கிடா நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு மேலே இழுத்தது. மணிக்கட்டில் சுற்றிய கயிறு தோலை உரித்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நொடி நின்றதில் என் இன்னொரு கைக்கு ஒரு வேர் அகப்பட்டது. முட்டிபோட்டு, தவழ்ந்து, பாதைக்கு ஏறி வந்து மல்லாந்து படுத்தேன். கிடா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்துச் செடியை மேயப் போனது. பாசத்தால் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். பிடிவாதத்தால்தான். இருந்தாலும் பிழைத்தது என் உயிர்தானே.

அதற்குப் பிறகு எனக்கு அது 'அவன்' ஆகிவிட்டது. வழியெல்லாம் அவனோடு பேசிக்கொண்டே போனேன். யாரிடமும் சொல்லாத ஷாம்பு பாக்கெட் விஷயத்தைக்கூட அவனிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

மரங்கள் சட்டென்று முடிந்தன. இடுப்பளவு புல், காற்று, தலைக்கு மேலே அம்புட்டு வானம். கீழே முருங்கைத் தோட்டங்களும் நூல் மில் கூரைகளும் பொடிப்பொடியாகத் தெரிந்தன. இந்தக் காலால் இனி வீட்டு மாடி ஏறினாலே பெரிது என்று நினைத்திருந்தவன் நான். கண் கலங்கிவிட்டது. அம்மா ஓடி வந்து என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். அவனோ புல்லுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாலை ஆட்டினான். அப்போதுதான் புல்வெளியின் ஓரத்தில் கூட்டியிருந்த அடுப்பையும் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவையும் பார்த்தேன். கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிடாயின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது. பூசாரி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். அவன் அசையவில்லை. இன்னொரு சொம்பு. புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றான். குடம் காலியானது, சுனையில் போய் மறுபடி நிரப்பி வந்தார்கள். குலவை போட்டுப் போட்டுப் பெண்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெங்காயம் முழுவதும் உரித்தாகிவிட்டது, அரிசியும் ஊறிவிட்டது. காலையில் இருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடாத முப்பது பேர் அவனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா மெதுவாக அவன் பின்னால் போய்க் குனிந்தார். பூசாரி பார்த்துவிட்டார்.

"ஊதக் கூடாது, கிள்ளக் கூடாது! சாமி காரியத்துல கள்ளாட்டம் ஆகாதப்பா."

"நான் சும்மா பாத்தேன்" என்று மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார்.

உத்தரவு வராவிட்டால் என்ன செய்வது என்று பூசாரியிடம் கேட்டேன். "என்ன செய்ய? இங்கயே அத்து விட்டுற வேண்டியதுதான். சாமி கிடாயா மேஞ்சுக்கிட்டுத் திரியும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஆனால் பக்கத்தில் அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "சாமி ஏத்துக்கிறலையா? அப்ப எம் புள்ள கால் என்னய்யா ஆகும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தால் அவன் சிலிர்க்க வேண்டும் போல இருந்தது. அவனைப் பார்த்தால் சிலிர்க்கவே கூடாது போல இருந்தது.

கடைசியில் பூசாரி என்னைக் கூப்பிட்டார். "நேந்துக்கிட்டது உனக்குத்தானே அப்பு? நீயே வந்து கிடாயைத் தொட்டு, மனசாரக் கேளு."

போனேன். ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். அம்மாவை எப்படியாவது பேசித் தேற்றிக்கொள்ளலாம், போன தலை திரும்பி வராது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி காதோடு வாயை வைத்துச் சொன்னேன். "ஏலே, சிலிர்த்துறாதடா. செத்த நேரம் இப்படியே நில்லு. இம்புட்டுப் புல்லும் உனக்குத்தான்டா."

சொல்லி வாயை மூடவில்லை. என் மூச்சு பட்டு அந்தக் காது ஒரு துடிப்புத் துடித்தது. அடுத்த நொடி தலையில் தொடங்கி வால் நுனி வரைக்கும் அவன் உதறிய உதறலில் மஞ்சள் தண்ணீர் முழுவதும் என் முகத்தில்தான் அடித்தது.

குலவைச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "எம்புட்டு உருக்கமாக் கேட்டுருக்கான் பாருங்க எம் புள்ள!" என்று எல்லாரிடமும் காட்டினார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கயிற்றை யாரோ என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் புல்வெளியின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன்.

சாப்பிடக் கூடாது என்று உறுதியாகத்தான் இருந்தேன். "நல்லி எலும்புய்யா, காலுக்கு நல்லது" என்று முதல் இலையில் அம்மா எனக்குத்தான் வைத்தார். நாலு மாதமாக அழுத கண்கள் அன்றைக்குத்தான் சிரித்தன, மறுக்க முடியவில்லை. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவது முறையும் வாங்கினேன்.

இப்போது கால் நன்றாகவே இருக்கிறது. அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார். சொந்தத்தில் எங்கே கிடா வெட்டு நடந்து ஆடு சிலிர்க்காமல் நின்றாலும் மாமாவிடம் இருந்து எனக்குப் போன் வந்துவிடும். "நீ வந்து ஒரு வார்த்தை கேளு மாப்ளே, உனக்குன்னா சாமி உடனே இறங்கும்." கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். ஒருவருக்கு நல்லது செய்ய மனசு இருந்தால் மட்டும் போதாது, எட்ட நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று என்னைக் காப்பாற்றியவனிடம்தான் படித்தேன். படித்ததற்கான விலையை மட்டும் அவன் கொடுத்துவிட்டான்.