மத்தியப் பிரதேசத்தில் இருந்த அண்ணன்

நேற்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரிக் லாரி வந்து நின்றது. போர்வெல் போடுகிற வண்டி. கிரீஸும் ஈரப் பாறைத்தூளும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எங்கோ போய்விட்டேன். பச்சை விளக்கு வந்தும் நகரவில்லை. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டார்.

அந்த வாசனைக்குச் சொந்தக்காரர் குமரேசண்ணன், என் பெரியம்மா மகன். அவரைச் சொல்வதற்கு முன்னால் அந்த பங்களாவைச் சொல்ல வேண்டும். சிக்னலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. வெளிநாட்டுச் செய்தி எழுதும் பத்திரிகையாளர்கள் ஆறு மாதம் அங்கேயே தங்கி ஆய்வு செய்ய ஒரு ஃபெலோஷிப் கொடுத்தார்கள். அப்போது நான் சேலத்துப் பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் என்று பெயர்தான், விளம்பரம் போக மிஞ்சுவது உள்ளங்கை அகலம். எப்படியோ என்னையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். டெல்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வந்தார்கள். நான் அம்மாபேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போனேன். கட்டாயம் அங்கேயே தங்க வேண்டும் என்பது விதி.

“டவுன் பஸ்ஸு போற தூரத்துக்கா பொட்டி கட்டற?” என்று அம்மா கேட்டதில் என் சர்வதேசக் கௌரவம் பாதி போய்விட்டது.

மீதியைக் காப்பாற்றியவர் அண்ணன். திருச்செங்கோட்டு ரிக் ஒன்று கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தது. அதில் அவர்தான் டிரில்லர். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், பழக்கதோஷம். தினமும் காலை ஆறு மணிக்கு, அங்கே விடிவதற்கு முன்னால், போனில் கூப்பிடுவார்.

“அம்மிணி, இங்க நாலு நாளா பங்க்ல டீசலு இல்ல. பட்டாளத்து வண்டியா போவுது. ஏதோ நடக்கப்போவுது.”

காலைச் சிற்றுண்டி மேசையில், இட்லியைப் பிட்டுக்கொண்டே, “அந்தத் தலைநகரில் இந்த வாரம் ஏதாவது நடக்கும்” என்பேன். நடந்துவிடும். ஜெனீவாவுக்கு மூன்று முறை போய்வந்த டெல்லிக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். யார் சொன்னது என்று கேட்டால், “நம்பத்தகுந்த வட்டாரம்” என்று சொல்லிவிட்டுச் சட்னியைப் பார்ப்பேன். என்ன திமிர் எனக்கு!

ஒரே ஒரு சிக்கல். அண்ணன் அங்கே இருப்பது பரமத்தி வேலூரில் இருந்த பெரியம்மாவுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து ரிக் ஆட்கள் மாதக்கணக்கில் வடக்கே போய்விடுவது வழக்கம் என்பதால், மத்தியப் பிரதேசத்தில் வேலை என்று சொல்லிவிட்டுக் கப்பல் கதையை மறைத்துவிட்டார். “அம்மாளுக்குத் தெரிஞ்சா சோறு தண்ணி எறங்காது. சொல்லிப்போடாத அம்மிணி” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஆய்வுக் கட்டுரையில் தகவல் தந்தவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். பெயரை மறைத்தால், யாரால் ஆபத்து என்று எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரை செல்லாது, ஆறு மாத உழைப்பும் அம்போ. பெயரை மறைத்து, ‘ஆபத்து உண்டு’ என்று மட்டும் எழுதித் தந்தேன். ஃபெலோஷிப்பின் இயக்குநர் ஓய்வுபெற்ற தூதரக அதிகாரி, தமிழைக்கூட அளந்துதான் பேசுவார். கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரால ஆபத்து? ராணுவமா, கிளர்ச்சிக்காரங்களா?”

“அவங்க அம்மா, சார்.”

அவர் சிரிக்கவில்லை. முடிவை, கட்டுரை வாசிக்கும் கடைசிநாள் கருத்தரங்குக்குத் தள்ளிவைத்தார்.

அந்தக் கருத்தரங்குக்குக் குடும்பத்தாரை அழைக்கலாம் என்றதும் என் அம்மா பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாம் வரிசையில், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பெரியம்மா. கட்டுரை ஆங்கிலம்தானே என்று தைரியமாக இருந்தேன். மேடையேறியதும் இயக்குநர், “வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, தமிழ்லயே சொல்லுங்க” என்றார். சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நாட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட இரண்டு நாளும் ஒரு டிரில்லர் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்ததைச் சொன்னேன். பெயர் மட்டும் சொல்லவில்லை.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தது பெரியம்மா.

“ஏனுங்க, அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கானுங்களா?”

பெரியம்மா என்னைப் போய் ‘ங்க’ போட்டுக் கேட்கிறார்! “நல்லா இருக்காருங்க” என்றேன்.

“அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டானுங்களா?”

“இல்லீங்க.”

“சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க. அம்மா பயந்துட்டாளேன்னு அவன் பயந்துக்குவான்.”

உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் என் தாளை வாங்கி, ‘பெயர் வெளியிட வேண்டியதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணன் கத்தினார்.

“சொல்லிப்போட்டயா? ராத்திரி அம்மாளுக்குப் போன் பண்ணினா, ‘இனிமே லாரிக்கு அடியில படுக்காத சாமி, இடுப்பு புடிச்சுக்கும்’ங்கறாங்க!”

சத்தியமாக நான் பெயரைச் சொல்லவில்லை. அதன்பிறகும் பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் ஊர் திரும்பிய அன்று வாசலில் நின்று, “மத்தியப் பிரதேசத்துல வேல முடிஞ்சுதா சாமி?” என்றார். “முடிஞ்சுதுங்கம்மா” என்றார் அண்ணன். நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஃபெலோஷிப் நின்றுபோனது. பங்களா இப்போது ஸ்கேன் சென்டர். என் உள்ளங்கை அகலத்தையும் விளம்பரம் விழுங்கிவிட்டது. பெரியம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் இப்போது யார் கிடைத்தாலும் உட்காரவைத்து, நாட்டின் பெயர், பட்டாளம், டீசல் என்று ஒன்றுவிடாமல் கதை சொல்கிறார். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். போன வாரம் பாதிக் கதையில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மாகிட்ட ஒரு தடவ முழுசாச் சொல்லியிருக்கலாம் அம்மிணி. அவங்களும் கேக்கோணும்னுதான் இருந்திருப்பாங்க.”