அலுமினியத் தாளில் ஒரு கரித்துண்டு

1. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து ஒருவரை இரண்டு வருஷத்துக்கு ஜப்பானுக்கு, நாகோயா பக்கம் இருக்கும் தலைமை ஆலைக்கு, அனுப்ப முடிவு செய்தார்கள். என் பெயர் வந்தது.
2. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா, "அங்கன போயி என்னத்தட்டி திம்பே?" என்றாள்.
3. ஒரு மாதம் சென்னையிலேயே அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்றேன். வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் அனுப்புவது, இல்லாவிட்டால் பேச்சை விட்டுவிடுவது என்று முடிவானது.
4. சாப்பிட்டேன்.
5. மாதக் கடைசியில் ஒரு பார்சலோடு ஊருக்குப் போனேன்.
6. பார்சலில் இருந்த ஒரு பொருளை அம்மா தவறாகப் புரிந்துகொண்டாள். நான் திருத்தவில்லை.

நான்காவதை விரித்துச் சொல்ல வேண்டும். சென்னையில் ஜப்பான் சாப்பாடு என்று தேடினால் முதலில் வருவது நட்சத்திர ஓட்டல்கள். அவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஜப்பானில் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆள் என்ன சாப்பிடுவாரோ அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆலைக்கு வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர் மூன்று இடங்களை வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்றை மூடிவிட்டிருந்தார்கள். மீதியை நானே தேடினேன். எக்செல்லில் நான்கு பத்தி: கடை, பண்டம், பஸ், வயிறு என்ன சொன்னது.

ஒரு ஜப்பான் மளிகைக் கடையில் முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டை கிடைத்தது. அதைச் சுற்றியிருந்த கடல்பாசித் தாள் பார்க்க கார்பன் பேப்பர் மாதிரி இருந்தது. வாயில் உப்பாகக் கரைந்தது. ஒரு மாலில், குழிப்பணியாரச் சட்டி போன்ற கல்லில் மாவு ஊற்றி, ஆக்டோபஸ் துண்டு வைத்து, குச்சியால் புரட்டிப் போட்டார்கள். அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மாடியில் இருந்த ஒரு சிறிய கடையில் மதியம் மட்டும் குழம்புச் சோறு கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. இரவில் அதே கடைக்குள் என்னால் நுழைய முடியாது. சோயா தடவிச் சுட்ட அரிசித் தட்டையை ஹாஸ்டலில் டீயோடு தின்றேன். வயிறு எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

எல்லாக் கடையிலும் வாசலிலேயே ஒரு கேள்வி இருந்தது. "எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

ஒருத்தர் என்றதும் சுவரைப் பார்த்து உட்காரும் உயரமான பலகையைக் காட்டுவார்கள். என் அறைத்தோழி கல்யாணமாகிப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் கட்டிலில் என் துணிகள் கிடந்தன. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க நான் பேசிய ஒரே சொல் அந்த "ஒருத்தர்" தான். எக்செல்லில் அதற்குப் பத்தி இல்லை. போட்டிருந்தால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பதில் இருந்திருக்கும்.

ஊருக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம், குச்சியில் கோர்த்துக் கோழி சுடுகிற கடைக்குப் போனேன். பட்டியலிலேயே மலிவான கடை. அடுப்பில் நின்றவர் மணிப்பூர்க்காரர், தமிழ் பேசுவார். பொரித்த கோழி ஒரு பார்சல் சொன்னேன். கட்டிக் கையில் தந்த பிறகும் நான் நகரவில்லை.

"இன்னும் என்ன அக்கா?"

"அது ஒண்ணு வேணும்."

"சிக்கன் ஸ்டிக்கா?"

"அதுக்குக் கீழ இருக்கிறது."

அடுப்பைக் குனிந்து பார்த்தார். "அக்கா, அது சாப்பாடு இல்ல."

எங்கள் வீட்டில் கோழியோ ஆட்டுக்கறியோ கரித்துண்டு இல்லாமல் வாசலைத் தாண்டாது. வழியில் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்றால், இல்லை. ஆனால் கரி இல்லாத கோழிப் பார்சலைத் தூக்கியபோது ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுத்தது போல இருந்தது. அவர் சிரித்தபடி கரி மூட்டையிலிருந்து பற்றவைக்காத துண்டு ஒன்றை எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றித் தந்தார்.

பார்சலை ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ரயிலேறினேன். கோவில்பட்டியில் இறங்கி பஸ் பிடித்து வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அடுப்படியில் அம்மா பார்சலைப் பிரித்தாள். முதலில் கையில் பட்டது அலுமினியத் தாள்.

"இதென்னட்டி? ஏ பிள்ளே, கரில்லா!" கண்ணை விரித்து என்னைப் பார்த்தாள். "அவியளும் கரி போட்டுத்தான் கொடுப்பாவளா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

"இங்கன பாருங்க, ஜப்பான்காரன் கரி! நம்மள மாதிரியே போட்டுக் கொடுத்திருக்கான். நாம்பாட்டுக்கு என்னென்னமோ நெனச்சிட்டேன்."

அப்பா அதை வாங்கி நகத்தால் சுண்டினார். ஆடு மேய்ப்பதோடு வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தவர் அவர். ஒரு தரம் என்னைப் பார்த்தார். "நல்ல கரிதான்" என்று அம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

அம்மா இரண்டு துண்டு கோழி தின்றாள். "உப்பு பத்தல. காரம்னு ஒண்ணு இருக்குன்னே அவனுக்குத் தெரியாது போல. ஆனா பிள்ளை பட்டினி கெடக்க மாட்டா. போயிட்டு வரட்டும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு மாதம் அலைந்தேன். கிடைத்தபோது, அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

மறுநாள் மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பருத்தி எடுத்து முடிந்த கரிசலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தூக்குவாளியைத் திறந்துகொண்டே சொன்னார்:

"அது நம்ம பக்கத்து வேலிக்கருவைக் கரில்லா."

"ஆமாப்பா. நாந்தான் கேட்டு வாங்குனேன்."

"அவகிட்ட சொல்லாத. நிம்மதியா இருக்கா." இரண்டு வாய் சாப்பிட்டார். "அங்கன எத்தன பேரு சேந்து இருந்து சாப்பிடுவீய?"

"ஒருத்தர்" என்றேன். கடை வாசலில் சொல்லிப் பழகிய அதே குரலில்.

"நானும் இங்கன தெனமும் ஒத்தையிலதான் திங்கேன். எனக்குன்னா குட்டியாச்சும் வந்து வாளிக்குள்ள எட்டிப் பாக்கும். ஒனக்கு?"

சொல்லி வைத்தாற்போல் ஒரு குட்டி வந்து தலையை நீட்டியது. "ஏலே, போலே அங்கிட்டு" என்று அதை முழங்கையால் தள்ளினார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நிலவரம் இது. ஆலையில் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விசா வந்துவிட்டது. அறைத்தோழியின் கட்டிலில் பெட்டி திறந்து கிடக்கிறது, பாதி நிரம்பியிருக்கிறது. கரித்துண்டு அம்மாவின் அடுப்படியில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாளாம். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.