இருந்தார் என்று சொன்னவள்

பழைய எகிப்திய மொழிக்கு அகராதி தொகுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வினைச்சொல் பிரிவு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். செத்த மொழிக்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று கேலி செய்வார். ஆனால் அவள் பேச்சைக் கேட்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“கேக்கிறதுக்கு மாட்டுக் காதை வரைவாங்க. உயிரெழுத்தே எழுத மாட்டாங்க. கேக்கிறான், கேட்டான், கேக்கட்டும், எல்லாம் பார்வைக்கு ஒண்ணுதான்.”

“அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிற?”

“முன்னே பின்னே படிச்சுத்தான். அதே மொழி பின்னாடி காப்டிக்கா மாறினப்போ உயிரெழுத்தும் எழுதினாங்க. அதுல கேக்கிறதுக்கு ‘சோதம்’. அப்படித்தான் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்குது.”

ஒருநாள் அவர் தங்கை வந்திருந்தாள். அண்ணனின் டீயில் சர்க்கரை போடப் போனவளை இவள் தடுத்தாள்.

“வேண்டாம். அவருக்கு சர்க்கரை பிடிக்காம இருந்துச்சு. நல்ல மனுஷனா இருந்தார்.”

அவர் எதிரே தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். “நான் இன்னும் கிளம்பலைம்மா,” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

வாசல்வரை போன தங்கை மெல்லச் சொன்னாள்: “அண்ணே, அண்ணி வாயில இப்படி வருதுன்னா சும்மா இருக்காதே. உடம்பைக் காட்டிடு.”

அதன்பிறகு அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போதெல்லாம் தலைக்கு மேலே தொங்கும் கம்பிவடத்தை அண்ணாந்து பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். இதயம் கல்லுமாதிரி இருக்கிறது என்றார்கள். பாரம் இறங்கி வீட்டுக்கு வந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லேன்னுட்டாங்கம்மா.”

“நல்லது. நாளைக்கு நான் ஆபீஸ் போனேன். நேத்து சீக்கிரம் வருவேன்.”

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். இத்தனை நாளும் தப்பான ஆளுக்காகப் பயந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

இடப்பக்க மூளையில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் ஜன்னல், போர்வை, கணவர் என்று பெயரெல்லாம் சரியாகச் சொன்னாள். வினைச்சொல்தான் வாயில் வரவில்லை. “நீங்க... தண்ணி... எனக்கு,” என்று கையை நீட்டினாள்.

அலுவலகம் அவளைச் சொற்பிறப்புப் பிரிவுக்கு மாற்றியது. அங்கே பேசவேண்டிய அவசியம் குறைவு. சொற்களின் வேரைத் தேடி நாளெல்லாம் குனிந்திருந்தாள். மாலையில் அவர் வந்து கூட்டிப்போவார். வழியில் இப்போது அவர்தான் பேசிக்கொண்டு வருவார்.

அடுத்த ஸ்கேன் எடுத்த அன்று வெகுநேரம் காக்க வைத்தார்கள். பிறகு நர்ஸ் கதவைத் திறந்து, “சார், நீங்க மட்டும் உள்ள வாங்க,” என்றாள்.

அவர் எழுவதற்குள் அவள் எழுந்து, அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும்,” என்றாள்.