நான் கட்டாமல் விட்ட சிவப்புத் துணி

ஒரு முழம் சிவப்புத் துணியைக் கட்ட வெட்கப்பட்டு, பக்கத்து மனிதனுடைய குளத்தையே சாகக் கொடுக்கப் பார்த்த மடையன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைக்குச் சாட்சி எழுதுகிறவர்கள் தங்கள் பாவத்தைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போய், அங்கேயும் "சில பலவீனங்கள்" என்று எழுதித் தப்பிவிடுவதுண்டு. நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். என் மனைவி ஜெசி அதை வாசித்துவிட்டு, "இதில நீங்கள் செய்த ஒண்டையும் காணேல்லையே. ஆரோ நல்ல மனுசன்ர கதை மாதிரிக் கிடக்கு" என்று திருப்பித் தந்தாள். ஆகையால் நீங்கள் வாசிப்பது இரண்டாவது தரம் எழுதியது.

என் பெயர் வின்சென்ட். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முந்தலில் தங்கிவிட்ட குடும்பம். களப்போரத்தில், கடல்நீர் ஏறும் ஏரிக்கரையில், எனக்கு ஓர் இறால் குளம் உண்டு. எனக்குக் கீழ்ப்பக்கம் அடுத்த கரையில் நஸீர் நானாவுக்கு இரண்டு குளங்கள். அவர் புத்தளத்து முஸ்லிம், தில்லையடியில் வீடு; அண்ணனை அவர்கள் 'நானா' என்பார்கள். எங்கள் வரிசையில் இருக்கும் எல்லாக் குளங்களுக்கும் ஒரே வாய்க்கால்தான். நல்ல தண்ணீரை எடுப்பதும் அதிலிருந்து, பழைய தண்ணீரை விடுவதும் அதற்குள்ளே. எனவே ஒருவன் குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால், அவன் அந்த நிமிடமே தன் மதகில் ஒரு தடியை நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அதைக் கண்டவர்கள் தங்கள் மதகை மூடிவிடுவார்கள். யாரும் தண்ணீர் எடுக்கமாட்டார்கள். எங்கள் பண்ணைக்காரர் சங்கத்தில் இதற்குமேல் பெரிய சட்டம் ஒன்றும் கிடையாது.

போன வருடம் நானா அந்தத் துணியைக் கட்டினார். பாதி வளர்ந்த இறால் முழுவதும் போய்விட்டது. மனிதன் தலையில் கை வைத்துக் கரையில் இருக்கும்போது நான் போய், "என்ன நானா, மே தின ஊர்வலம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். எனக்கு அது போதவில்லை. தேத்தண்ணிக் கடையிலும் போய் அதையே சொன்னேன். ஒரு கிழமைக்கு அந்தப் பகிடியை வைத்துப் பிழைத்தேன்.

அதற்குப் பிறகு நானா ஒருநாள் என்னிடம் சொன்னார், "தம்பி, இந்த மொறயும் போனா எல்லாத்தையும் உட்டுட்டு கட்டாருக்குப் போறதுதான். மச்சான் லொறி ஓட்டுற வேல ஒண்டு பாத்து வெச்சீக்கார்." நானாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது.

என் விசுவாசத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாத ஆள் நான். ஆனால் ஆண்டவரைப் பற்றி என் மனதில் இருந்த படம், பண்ணைகளைப் பார்க்க வரும் பரிசோதகரின் படம்தான். அவர் வரும் நாளில் கரை கூட்டித் துப்புரவாக இருந்தால் சரி. நியாயத்தீர்ப்பைப் பற்றி யாராவது பேசினால், "என்ர பெயர் 'வ'வில தொடங்குது. என்ர முறை வாறதுக்குள்ள அவருக்கே களைச்சுப் போயிடும்" என்பேன். அதற்கும் சிரிக்க ஆட்கள் இருந்தார்கள்.

போன பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் குளத்தின் பழைய தண்ணீரில் ஒரு பங்கை வாய்க்காலுக்குள் விட்டேன். அது தெரியாமல் செய்தது. சனிக்கிழமை காலை தீனித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன். இறால் சுகமாக இருந்தால் தட்டு காலியாக இருக்கும்; அன்று போட்ட தீனி போட்டபடியே கிடந்தது. கரையோரமாக நாலைந்து இறால்கள் போதை ஏறியவர்களைப் போல நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்துத் தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைப்புள்ளி. சுண்ணாம்பு தெளித்த மாதிரி.

முதலில் வந்தது துக்கம் அல்ல. மே தின ஊர்வலம்தான் காதில் கேட்டது. நான் அந்தத் துணியைக் கட்டினால் வரிசை முழுவதும் வந்து நின்று அதே கேள்வியை என்னிடம் கேட்கும். அதைக் கேட்க என்னால் ஏலாது. ஊரையெல்லாம் பகிடி பண்ணுகிறவனுக்குத் தோல் தடிப்பு என்று நினைக்காதீர்கள். எங்களுக்குத்தான் மெல்லிய தோல்.

அன்று நான் செய்த ஜெபம் இதுதான்: "ஆண்டவரே, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

பத்து மணிபோல நானாவின் கரையில் பம்பு போடும் சத்தம் கேட்டது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுக்கிறார். நான் எழும்பி ஓடியிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். கைத்தொலைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது. நான் கதிரையிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். சீனி போட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. பம்பு நிற்கும்வரை குடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். நான் எழும்பினால் சனம் சிரிக்க ஆயத்தமாகிவிடும். எழும்பினேன். "இந்தக் கிழமையும் ஆண்டவர் என்ர குளத்தைக் கண்ணுக்குள்ள வைச்சுக் காத்தார். இறாலெல்லாம் என்னைவிடக் கொழுத்திட்டுது" என்றேன். சனம் சிரித்து, "அல்லேலூயா" என்றது. நான் பொய்ச்சாட்சி சொன்னேன். அதுவும் ஒலிவாங்கியில்.

போதகர் அன்று நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அதற்கு என்னிடம் பகிடி கைவசம் இருந்தது. அவர் தேவனுடைய அன்பைப் பற்றிப் பேசினார். நாங்கள் மறைத்து வைத்திருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்துகொண்டுதான் எங்களை நேசிக்கிறார், எங்களைப் பிடிக்க அல்ல, நாங்கள் வந்து சொல்ல வேண்டும் என்பதற்காகவே காத்திருக்கிறார் என்றார். இதற்கு என்னிடம் பகிடி ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன். இல்லை. பரிசோதகரிடமிருந்து ஒளிக்கலாம். எல்லாம் தெரிந்துகொண்டு வாசலில் நிற்கிறவரிடமிருந்து எப்படி ஒளிப்பது?

வீட்டுக்குத் திரும்பும்போது குளக்கரை வெள்ளையாக இருந்தது. கொக்குகள். சாகிற இறாலைப் பொறுக்க வந்தவை. ஜெசி சைக்கிளிலிருந்து இறங்கி நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ன எங்கட குளத்தடியில இவ்வளவு கொக்கு?"

"அதுகளும் ஆராதனைக்கு வந்திருக்குதுகள்" என்றேன். என் பகிடிக்கு எனக்கே சிரிப்பு வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போய்த் தீனித்தட்டைத் தூக்கினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தேத்தண்ணி உட்பட. அவள் ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நானாவுக்குச் சொல்லிட்டீங்களோ?"

நான் சேற்றில் முழங்காலில் விழுந்தேன். சபையில் என் ஜெபம் நீளமானது என்று பெயர் எடுத்தது. அன்று நாலு வரிக்குமேல் வரவில்லை. "ஆண்டவரே, நான் செய்ததை நான்தான் செய்தன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். நானாவைக் காப்பாத்துங்கோ. அவருக்கு முன்னால போய் நிக்க எனக்குக் கால் தாங்கோ."

கால் கிடைத்தது. என் மதகிலிருந்து நானாவின் கரைக்கு இருநூறு அடிகூட இராது. அந்தத் தூரத்தில் எனக்கு மூன்று பகிடிகள் தோன்றின. மூன்றையும் விழுங்கினேன்.

நானா தீனி வாளியோடு நின்றார். "வா தம்பி. என்ன மொகம் செத்தீக்கு?"

"நானா, என்ர குளத்தில வெள்ளைப்புள்ளி. நேற்றுக் காலமை கண்டனான். துணி கட்டேல்லை."

நானா வாளியை இறக்கி வைத்தார்.

"நான் பம்பு போட முந்தியா, பொறகா?"

"முந்தி."

"பம்புச் சத்தம் கேட்டிச்சா?"

"கேட்டது நானா."

"கேட்டுட்டு என்ன செஞ்சாய்?"

"தேத்தண்ணி குடிச்சன்."

நியாயாசனத்துக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று இனி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். அங்கே இடிமுழக்கம் ஒன்றும் இல்லை. தண்ணீரைக் கலக்கும் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அடித்தால் நல்லது என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்டா?" என்றார் நானா. இதுவரை அவர் என்னை "டா" போட்டதில்லை.

"வெக்கம் நானா. நீங்கள் சிரிப்பீங்களெண்டு."

"நான் எப்படிடா சிரிக்க? அந்தத் துணிய நானும் கட்டினவன்தானே."

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். வளர்ந்த ஆம்பிளை, மூக்கு வழிய. நானா அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வீச்சுவலை எறிந்து ஒரு பிடி இறாலை அள்ளித் தலைகளைப் பார்த்தார். ஒன்றில் மட்டும் புள்ளி தொடங்கியிருந்தது.

"நேத்துத் தண்ணி எடுத்தது இதுக்கு மட்டுந்தான். மத்தக் கொளத்துக்கு இண்டக்கி அஸர் தொழுதுட்டு எடுக்கத்தான் இருந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அழுறத பொறகு அழு. போய் ஒன்ட மதகுல துணியக் கட்டு. கட்டிட்டு வலயத் தூக்கிட்டு வா. சாக முந்தி இண்டக்கே அள்ளணும்."

என் வீட்டில் சிவப்புத் துணி இருக்கவில்லை. அது எனக்குத் தேவைப்படும் என்று நான் எப்போது நினைத்தேன்? ஜெசி நத்தார்ப் பண்டிகை மேசைவிரிப்பைக் கிழித்துத் தந்தாள். அதில் ஒரு பொன் நட்சத்திரம் தைத்திருந்தது. என் வெட்கத்தின் கொடி அந்த நட்சத்திரத்தோடு காற்றில் அடித்ததை வரிசை முழுவதும் கண்டது. எல்லோரும் மதகை மூடினார்கள். வலையோடு வந்தார்கள். மே தினத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் வலிப்பதைவிட எனக்கு அது கூடுதலாக வலித்தது.

இந்த நோய் மனிதருக்கு ஒன்றும் செய்யாது, உயிரோடு அள்ளினால் விற்கலாம்; ஆனால் அள்ளினால் ஐஸ் வேண்டும். லொறி வேண்டும். எங்களிடம் வாங்கும் சிலாபத்துச் சிங்கள முதலாளி, நாங்கள் மாத்தயா என்று கூப்பிடுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியையே எடுக்கமாட்டார். நானா எடுத்துப் பார்த்தார். முதல் மணிக்கே மாத்தயா பேசினார். வேறு ஒரு பண்ணைக்கென்று ஐஸ் ஏற்றிவந்த அவருடைய லொறி, அந்தப் பண்ணைக்காரர் நாளைக்கு என்று சொல்லிவிட்டதால், முந்தல் சந்தியில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அரை மணித்தியாலத்தில் கரையில் நின்றது. தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். சேற்றில் விழுந்து கேட்டவன் அப்படிச் சொல்லமாட்டான்.

பிற்பகல் தொழுகையான அஸருக்கு நேரம் வந்ததும் நானா கரையில் ஒரு சாக்கை விரித்துத் தொழுதார். நான் இடுப்பளவு தண்ணீரில் வலையின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முடிக்கும்வரை நானும் என் ஆண்டவருடன் பேசிக்கொண்டு நின்றேன். பொழுது சாயும் முன் அந்தக் குளம் முழுவதையும் அள்ளிவிட்டோம். இறால் சிறிசுதான். ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை. லொறியோடு வந்த மாத்தயா ஒரு கூடையைக் கிளறிப் பார்த்து, "சின்னதுதான். ஆனா நல்ல சாமான்" என்றார். மூடி வைத்த மற்றக் குளத்தை நோய் தொடவில்லை. ஆறு கிழமை கழித்து நானா அதை நிறைய அள்ளினார். கட்டார் லொறியை யார் ஓட்டுகிறார்களோ தெரியாது, நானா ஓட்டவில்லை.

என் குளம் முழுவதும் செத்தது. கிருமியைக் கொல்லும் மருந்துத் தூளை நானே கொட்டினேன். சங்கம் கூடி எனக்குத் தீர்ப்பும் சொன்னது. ஒரு போகம் குஞ்சு விடக் கூடாது, அந்தக் காலம் முழுவதும் தினமும் காலையில் வாய்க்கால் நீளத்துக்கு நடந்து எல்லார் தட்டையும் தூக்கிப் பார்த்துச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். பரிசோதகருக்கு ஒளித்தவனை ஆண்டவர் பரிசோதகராக்கிவிட்டார். அவருக்கும் பகிடி தெரியும் என்று அன்றுதான் கண்டுகொண்டேன். என்னைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிறு சபையில் எழும்பி என் பொய்ச்சாட்சியைத் திருத்தினேன். சனம் வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கியது. நான் தேத்தண்ணி குடித்த இடம் வரும்வரை சிரித்தது.

இப்போது நான் பகிடி விடுவதில்லை என்று சொன்னால் ஜெசி மூன்றாவது தரமும் எழுத வைப்பாள். விடுகிறேன். ஆனால் விழுந்து கிடக்கிறவனிடம் போய் விடுவதில்லை. இரவில் நித்திரை வருகிறது. தீர்ப்பு என்றால் முன்பு ஒளிக்க இடம் தேடுவேன். ஒரு தீர்ப்புக்குள் போய் வந்துவிட்டேன், அதற்குள்ளும் என்னை நேசிக்கிறவர்தான் இருந்தார். பிரியமானவர்களே, உங்கள் மதகிலும் கட்டாமல் விட்ட துணி ஏதும் இருந்தால், இன்றைக்கே போய்க் கட்டுங்கள். ஒருவருக்கும் தெரியக் கூடாது என்ற என் ஜெபத்தை அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்லை.

இந்தப் போகம் எனக்கும் குஞ்சு விட அனுமதி கிடைத்தது. இன்று காலை என் குளத்துத் தண்ணீரை மாற்றினேன். என் குளம் செத்த பிறகு, எங்கள் வரிசையில் தண்ணீர் எடுக்கிறவன் மேல்பக்கத்துக் குளத்துக்குப் போய்த் தன் கையால் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான். நானா தன் கரையில் நின்றபடியே, "தம்பி, தண்ணி எப்படி?" என்று கூப்பிட்டுக் கேட்டார். "சுகம் நானா, தட்டு காலி" என்றேன். அவர் குனிந்து பம்பைப் போடப் போனார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஓடிப் போய், "நானா, ஒருக்கா வந்து பார்த்திட்டுப் போடுங்கோவன்" என்றேன்.

அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"அதான் நீ செல்லிட்டியே."