நுங்கு டிசைன் எங்களுடையதாகவே இருக்கிறது

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, குழந்தைகள் கவுன் தைக்கும் சிறிய யூனிட் ஒன்றை நானும் கணவரும் நடத்துகிறோம். துணியில் அச்சடிக்கும் படங்களை நானே வரைவேன். சில வருடங்களுக்கு முன் நுங்குக் குலைகளை வைத்து ஒரு டிசைன் வரைந்தேன். மறுநாள் கண்காட்சி. அதில் வைக்க அந்தப் படம் அச்சடித்த சாம்பிள் கவுன்களை மடித்துக்கொண்டிருந்தபோது, மாடியில் குடியிருக்கும் வக்கீல் மல்லிகா வந்தார்.

"ஏனுங்கக்கா, இந்த டிசைனைப் பதிவு பண்ணீட்டீங்களா?"

"நான் வரைஞ்சது எனக்குத்தானே சொந்தம்?"

"காகிதத்துல இருக்கற வரைக்கும் சரிங்க. பதிவு பண்ணாம அம்பது தடவைக்கு மேல துணியில அடிச்சா காப்புரிமை போயிருங்க. இப்பத்தான் கோர்ட்டுலயும் அப்படித் தீர்ப்பு வந்திருக்குது. ரெண்டாயிரத்துல வந்த டிசைன் சட்டப்படி, கண்காட்சியில வெச்சுட்டா அப்புறம் பதிவு கெடைக்கறதும் சிரமங்க."

மடித்துவைத்த நுங்குக் கவுன்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கணவருக்கு வருத்தம்தான். ஆனாலும் பழைய டிசைன்களை மட்டும் கொண்டுபோனோம். மல்லிகாவே விண்ணப்பித்துக் கொடுத்தார். பதிவு கிடைத்த பிறகே நுங்குக் கவுன் கடைகளுக்குப் போனது.

அடுத்த கோடையில் ஒரு பெரிய கம்பெனி அதே படத்தை அச்சடித்து விற்றது. அழுதுகொண்டே மாடியேறினேன்.

"அழுவாதீங்கக்கா, பதிவு நம்ம பேர்ல இருக்குதுங்க" என்றார் மல்லிகா. அவர் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்ததும் கம்பெனிக்காரர்கள் அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போதெல்லாம் பதிவுக்கு விண்ணப்பிக்காமல் எந்தப் புதுப் படத்தையும் வெளியாருக்குக் காட்டுவதில்லை. தெரிந்த யூனிட்காரர்களையும் மல்லிகாவிடம் அழைத்துப்போகிறேன். அன்று அவர் மட்டும் இறங்கி வந்திராவிட்டால், என் கையால் வரைந்த படத்தை என்னுடையது என்று சொல்ல எனக்கே வழி இருந்திருக்காது.