அத்தானை உதைத்த துப்பாக்கி

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தலைதீபாவளிச் சட்டையின் வலது தோளுக்குள் உள்ளங்கை கனத்துக்குப் பேண்டேஜ் துணியை மடித்து வைத்துத் தைத்திருந்தது. தைத்தவள் என் மனைவி. தைக்கச் சொன்னவன் நான்.

எல்லாம் ஒரு துப்பாக்கியால் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மதுரையில் அந்தத் துப்பாக்கிக் கடையின் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது... எண்ணெயும் மரப் பாலிஷும் கலந்து, புழுக்கமாக.

ராஜபாளையத்தில் இருந்த என் மாமனாருக்கு மம்சாபுரம் பக்கம் மாந்தோப்பு. மலையிலிருந்து இறங்கும் பன்றிகளை விரட்ட லைசென்ஸோடு ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். முன்னாள் ராணுவக்காரர்தான், ஆனால் தோள் வலி வந்த பிறகு அதைத் தூக்கச் சிரமப்பட்டார். புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பியபோது, மரியாதைக்காகப் புது மருமகனையும் அழைத்துப்போனார்.

நானோ ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரன். ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். அதுவரை நான் தூக்கிய பெரிய ஆயுதம் டைப்ரைட்டர்.

கடைக்காரர் பம்ப் துப்பாக்கிகளை வரிசையாக எடுத்து வைத்தார். குழலுக்கு அடியில் ஒரு கைப்பிடி. அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால்தான் தோட்டா குழலுக்குள் ஏறும். சடக்... சடக்... அந்தச் சத்தத்திலேயே நான் மயங்கிவிட்டேன். ஓரத்தில் இருந்த ஒன்று மற்றதை விட ரொம்ப லேசு. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக் கண்ணாடியில் பார்த்தேன். மீசைகூடக் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது.

"இது போதும் மாமா."

"மாப்பிள்ளை, வெயிட்டு கம்மியா இருந்தா சுடுறப்ப உதை சாஸ்தியா இருக்கும். கனமான துப்பாக்கின்னா பாதி உதைய அதுவே வாங்கிக்கிடும். லேசானது அம்புட்டையும் நம்ம தோளுக்குல்லா குடுத்துரும்."

"தோள் பின்ன எதுக்கு மாமா இருக்கு?"

தோள் வலிக்காரரிடம் இப்படிச் சொன்னேன். வெளியாள் முன்னால் மாப்பிள்ளை பேச்சைத் தட்டக்கூடாது என்று, மறுபேச்சில்லாமல் அதையே வாங்கினார் அந்த மனிதர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அந்த வீட்டு வழக்கத்தைச் சொன்னார். தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளை தோப்பில் ஒரு குண்டு சுட வேண்டும். மனைவியின் பெரியப்பா மருமகன்கள் எல்லாரும் சுட்டவர்கள். ஒருத்தர் போலீஸ், இன்னொருத்தர் ராணுவம். அதில் நான் சொதப்பினால் ஆயுசு முழுக்க டைப்பிஸ்ட் மாப்பிள்ளைதான்.

சத்திரப்பட்டித் தறிகளின் புண்ணியத்தில் எங்கள் பக்கம் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை. "ஏட்டி, கொஞ்சம் கனமாவே வையி" என்றேன்.

"சண்டைக்கா போறீய?" என்று சிரித்துக்கொண்டே தைத்தாள்.

தீபாவளிக் காலை. தோப்பில் சொந்தம் முழுக்கக் கூடியிருந்தது. பக்கத்துத் தோப்பில் விடிந்ததிலிருந்து அணுகுண்டு வெடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கும் வெடிப்புகை. வரப்பில் குறிக்கு ஒரு மண்ணெண்ணெய் டின். எனக்குப் பின்னால் வாய்க்கால். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மச்சினன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னத்தான், ஒரு தோளு மட்டும் ஜிம்முக்குப் போயிட்டு வந்திருக்கு?"

மாமா என் கண்முன்னால் அடியிலிருந்து மூன்று தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்.

"கைப்பிடிய இழுத்துத் தள்ளிட்டு, கட்டைய தோள்ல இறுக்கி வைங்க. இடது காலு முன்னால. ஒடம்பச் செத்த முன்னால சாய்ங்க. உதை வந்தா எதுத்து மல்லுக்கட்டாம, அது கூடயே போங்க."

அத்தனையிலும் என் மண்டையில் ஏறியது கடைசி இரண்டு வார்த்தை மட்டும்தான்.

கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன்.

டமார்!

கூடவே போனேன்... வாய்க்கால் வரைக்கும்.

"ஏலே, மொதல்ல துப்பாக்கியப் பிடிலே. அத்தானப் பொறவு தூக்கிக்கலாம்" என்று மாமா கத்தியது தண்ணீருக்குள்ளும் கேட்டது. எழுந்தபோது புதுச்சட்டை சேறு. பேண்டேஜ் துணி தண்ணீர் குடித்துத் தோளில் பலாப்பழம் போலத் தொங்கியது. டின்னில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனாலும் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. போலீஸ் சகலையே தோளைத் தடவிப் பார்த்து, "லேசான துப்பாக்கில்லா, பயங்கர உதை" என்றார். எனக்கும் ஒரு வாரம் தோளைத் தூக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் துப்பாக்கி உதையைப் பற்றி நான்தான் பேச்சாளன். எப்படி நிற்க வேண்டும், எங்கே பதிய வைக்க வேண்டும் என்று போலீஸ்காரருக்கே பாடம் எடுத்திருக்கிறேன்.

நிஜ உதையை வருஷக்கணக்காக வாங்கியவர் மாமாதான். பன்றி வந்த மறுநாளெல்லாம் இடது கையால்தான் காப்பி குடிப்பார். துப்பாக்கியை மாற்றச் சொன்னால், "மாப்பிள்ளை பாத்து எடுத்ததுல்லா" என்பார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

இப்போது மாமா இல்லை. தோப்பைச் சுற்றி சோலார் வேலி. துப்பாக்கி மச்சினன் பெயரில் பீரோவுக்குள் கிடக்கிறது, எலெக்‌ஷன் வந்தால் மட்டும் ஒப்படைப்புக்காகப் போலீஸ் ஸ்டேஷன் போய் வருகிறது. போன தீபாவளிக்கு வந்த அவன் மருமகன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் சுடச் சொல்லவில்லை. துப்பாக்கியைக் காட்டி மச்சினன், "எங்கத்தானயே வாய்க்கால்ல தள்ளுன துப்பாக்கி மாப்பிள்ளை" என்று மட்டும் பெருமையாகச் சொன்னான். அந்தப் பையன் என்னை மரியாதையோடு பார்த்தார். நான் வலது தோளைத் தடவிக்கொண்டேன். பழக்கம்...

என் தலைதீபாவளி அன்று சாயங்காலம் மாமா பின்கட்டில் பேப்பரை விரித்துத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏலே, அத்தானுக்குத் தைலம் எடுத்துட்டு வா. நல்ல உதை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

பேப்பரில், காலையில் போட்ட மூன்று தோட்டாவும் வெடிக்காமல் முழுசாகக் கிடந்தன.