மங்கல வீட்டில் அழுத வயலின்

கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்புகிற நம்மவர்களின் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வயலின்காரன். பாரிஸின் லா சப்பலில் சம்மணமிட்டு உட்கார்ந்து கர்நாடக இசை படித்தவன். ஒருமுறை யூதக் கல்யாணம் ஒன்றில் வாசிக்க ஆள் குறைகிறதென்று என்னைக் கூப்பிட்டார்கள். பழைய வழக்கப்படி, சடங்குக்கு முன் மணப்பெண்ணை நாற்காலியில் இருத்தி, அவள் அழுது தீர்க்கட்டும் என்றே வயலின் வாசித்தார்கள். அழுது முடிந்த கையோடு ஆட்டம். பிறகு நான் அமைத்த இசையெல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்தது. "உனக்கென்ன விசரோ? எங்கடை ராகங்கள் காணாதோ?" என்று கேட்காத ஆள் இல்லை.

அப்பா செத்து ஒரு வருஷமாகி, ஆட்டைத் திவசம் முடிந்த பிறகுதான் தங்கைக்குக் கல்யாணம் வைத்தோம். மேடையில் அப்பாவின் படம் வைக்கக் கூடாது என்றார் மாமா. மங்கல வீடாம். தங்கை என்னிடம் வந்தாள். "அண்ணா, அந்த யூத ஆக்களின்ரை மாதிரி ஒண்டு எனக்குச் செய்து தாங்கோ. அப்பாவை நினைச்சு நான் அழவேணும்."

ஒரு குளிர்காலம் முழுக்க அதற்கே போனது. ஒபர்வில்லியே மண்டபத்தில், அவள் மணவறைக்குப் போகுமுன் வாசித்தேன். விம்மி விம்மி அழுதாள். "செத்தவீட்டுப் பாட்டு" என்று மாமா முணுமுணுத்தது காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து முடித்தேன்.

வீடியோ வந்ததும் ஸ்தேனிலுள்ள மாமா வீட்டில் கூடினோம். திரையில் என் வில் போய்வருகிறது, தங்கை அழுகிறாள், சத்தமோ ஒரு சினிமாக் காதல் டூயட்!

"நான்தான் மாத்தச் சொன்னனான். இப்ப வடிவாய் இருக்கெல்லே?" என்றார் மாமா.

நான் வாசித்த சத்தம் எங்கே என்று கேட்டேன். வீடியோக்காரர் அழித்துவிட்டாராம்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை அச்சில் எழுத முடியாது. மாமி தேநீர்க் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

"ஏன்ரா குதிக்கிறாய்? ஒரு பாட்டுத்தானே" என்றார் மாமா.

தங்கை டிவியின் சத்தத்தை நிறுத்தினாள். மாமாவுக்கு எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் பேசினாள்.

"மாமா, அப்பாவின்ரை செத்தவீட்டிலை, வெள்ளையள் பாக்கினம், சத்தம் போட்டு அழாதை எண்டனீங்கள். கல்யாணவீட்டிலை அழுததையும் இப்பிடிச் செய்துபோட்டியள். நான் எங்கை போய் அழுறது?"